மாணாக்கர் வாழ்வில் பொழுதும் பொருளும்

கலாசாலையிற் புதிதாகச் சேரும் மாணாக்கன் முதல் வாரத்திலேயே தன்னைப் பலர் பல திசையினின்றும் அழைப்பதைக் காண்கின்றான். ஆசிரியர் நூலகத்திற்கு அழைக்கின்றார். விவாத சங்கத்தார் மேடைக்கு அழைக்கின்றனர். நாடக சபையார் வேடத்திற்கும், விளையாட்டுத் தலைவர் திடலுக்கும், விடுதித் தோழர் இரவுப் பேச்சிற்கும் அழைக்கின்றனர். இவற்றுள் தீயது ஒன்றும் இல்லை. தீயன பல வந்து அழைத்தால் மறுப்பது எளிது. நல்லன பல ஒருங்கே வந்து அழைக்கும்போது எதனை ஏற்பது, எதனை மறுப்பது என்று அறிவதே அரிது. இவ்வருமையை மாணாக்கர் எங்ஙனம் கடக்கலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு வெற்றியால் வந்ததன்று, தோல்வியால் வந்தது. முதலாண்டின் முதற் பருவத்தில் வந்த அழைப்பு அனைத்திற்கும் இசைந்தேன். விவாத சங்கத்திற் பேசினேன், நாடகத்தில் அமைச்சனாக நடித்தேன், பாடகர் குழுவிற் சேர்ந்தேன், கால்பந்தும் ஆடினேன். நாள்தோறும் இரவு ஒரு மணிக்குத் துயின்றேன். பருவத்தின் முடிவில் யாப்பிலக்கணத் தாளில் 100-க்கு 31 மதிப்பெண் பெற்றேன். தேறுவதற்கு 40 வேண்டும். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கன் தமிழிலேயே தவறினான் என்பது ஒரு நாணம். அதனினும் பெரிதாக மற்றொன்று இருந்தது. எனக்குக் கிடைத்திருந்த கட்டணச் சலுகை, அடுத்த பருவத்தில் எல்லாத் தாளிலும் தேறினாலன்றி நீடியாது. அது நின்றுவிட்டால் என் படிப்பும் நின்றுவிடும்.

தந்தை சொன்னது

என் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூரை அடுத்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் எல்லைப்புறம் அது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல், கேழ்வரகும் அவரையும் விளைந்த மேட்டு நிலங்களின் நடுவே ஆலைகள் எழுந்தன. 1984-இல் தொடங்கப்பட்ட டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகார ஆலையும் அவ்வூரிலேயே அமைந்தது. நாடெங்கும் கைக்கடிகாரம் செய்தனுப்பும் ஊரிற் பிறந்தும், எனக்கு நேரம் பார்க்கத் தெரியவில்லையே என்று நான் என்னையே நொந்துகொண்டதுண்டு.

என் தந்தை வேறோர் ஆலையில் இயந்திரம் ஓட்டுபவர். அங்கு நாள் மூன்று ஷிப்டுகளாகப் பகுக்கப்படும். காலை 6 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை ஒன்று. 2 முதல் இரவு 10 வரை மற்றொன்று. 10 முதல் மறுநாட் காலை 6 வரை மூன்றாவது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான் வீடு சென்றபோது அவர் இரவு ஷிப்டு முடித்து வந்து, களி உண்டுகொண்டிருந்தார். மதிப்பெண்ணைச் சொன்னேன். அவர் சினந்து கொள்ளவில்லை. சற்று நேரம் சென்று, "கண்ணு, உனக்காகப் போன மாதம் நான்கு நாள் இரட்டை ஷிப்டு பார்த்தேன்" என்றார்.

நான் தலைகுனிந்தேன். அவர் மேலும் சொன்னார்: "எட்டு மணி நேரத்தில் நான் செய்யும் சாமானில் கழிவு ஒன்றோ இரண்டோ இருக்கும். இரண்டாவது எட்டு மணியில் கழிவுதான் மிகுதி. கை ஓடும், கண் ஓடாது. நீ ஐந்து ஷிப்டு பார்த்திருக்கிறாய். எல்லாம் கழிவாய்ப் போனதில் வியப்பென்ன?" பின்னர், "ஷிப்டு முடிந்தால் இயந்திரத்தைத் துடைத்து, அடுத்தவன் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பாதியில் விட்டுப் போனால் வருபவன் நம் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீ ஒரு வேலையையாவது துடைத்து ஒப்படைத்தாயா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

எட்டு மணி நேர வேலை என்பது தானாக வந்த வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இராபர்ட் ஓவன் என்பார், உழைப்பிற்கு எட்டு மணி, பொழுதுபோக்கிற்கு எட்டு மணி, ஓய்விற்கு எட்டு மணி என்னும் பகுப்பை வற்புறுத்தினார். நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சென்னையில் சிங்காரவேலர் முதன்முதலாக மே தினக் கூட்டம் நடத்தினார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வாரத்திற்கு 48 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது என்று வரையறுத்தது. தொழிலாளர் இத்துணைப் போராடிப் பெற்ற ஓய்வையும் உறக்கத்தையும், மாணாக்கராகிய நாம் எவரும் கேளாமலே இழந்துவிடுகின்றோம்.

சமன் என்பது யாது?

படிப்பு, சங்கப் பணி, நட்பு ஆகிய மூன்றையும் சமமாக நடத்த வேண்டும் என்று பலர் கூறுவர். ஈண்டுச் சமன் என்னும் சொல்லின் பொருளை முதற்கண் தெளிதல் வேண்டும். இரு தட்டுடைய தராசில் இரு பக்கமும் ஒரே எடை இருந்தால்தான் முள் நேர்நிற்கும். நம் முன்னோர் வழங்கிய வெள்ளிக்கோல் அத்தன்மையதன்று. அதில் தூக்கும் கயிறு நடுவில் இராது. ஒரு பக்கத்துப் பெருஞ்சுமையை மறுபக்கத்துச் சிறுகல் நேர் நிறுத்தும். கல் சிறிதாயினும் அது தனக்குரிய இடத்தில் நிற்பதனால் கோல் சாய்வதில்லை.

மாணாக்கர் வாழ்வின் சமன் வெள்ளிக்கோலின் சமனேயாகும். படிப்பிற்கு நான்கு மணி கொடுத்தால் ஆட்டத்திற்கும் நான்கு மணி கொடுக்க வேண்டும் என்பது பொருந்தாது. கலாசாலைக்கு நாம் வந்தது கற்பதற்கு. ஆகவே பெருஞ்சுமை அதுவே. மற்றவை அளவிற் சிறியனவாய், தத்தம் இடத்தில் நிலைபெற்று நின்றால், கோல் நேர் நிற்கும்.

முதற்பொருள் காட்டும் நெறி

இடத்தில் நிற்றல் என்பதை விளக்கத் தொல்காப்பியப் பொருளதிகாரம் நமக்குத் துணை செய்கின்றது. அகத்திணைக்குரிய பொருள்களை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்த ஆசிரியர், நிலமும் பொழுதும் ஆகிய இரண்டையுமே முதற்பொருள் என்றார். தெய்வம், உணா, பறை, தொழில் முதலியன கருப்பொருளாகும். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கங்கள் உரிப்பொருளாகும். செய்யுளிற் சிறந்தது உரிப்பொருளே. எனினும் முதல் என்னும் பெயர் நிலத்திற்கும் பொழுதிற்குமே வழங்கிற்று. எங்கே, எப்பொழுது என்பன அமையாமல் எவ்வொழுக்கமும் நிகழாது என்பது இதனாற் பெறப்படும்.

நான் முதற் பருவத்திற் செய்த பிழையை இவ்விலக்கணம் கொண்டு அறிந்தேன். படிக்க வேண்டும் என்னும் உரிப்பொருள் என்னிடம் குறைவின்றி இருந்தது. எந்த இடத்தில், எந்தப் பொழுதில் என்னும் முதற்பொருள் இல்லை. இன்றிரவு படிப்போம் என்று எண்ணியிருப்பேன். இரவு வந்ததும் ஒத்திகை வரும். விடுதி அறையிற் படிப்போம் என்று அமர்வேன், நண்பர் வருவர், அவர் போனால் கைபேசி ஒலிக்கும். நிலமும் பொழுதும் குறியாத எண்ணம் வெறும் விருப்பமாகவே கழிந்தது.

பழந்தமிழர் ஒரு நாளை 60 நாழிகையாகக் கொண்டனர். ஒரு நாழிகை 24 நிமிஷம். அதனைப் பத்து நாழிகை கொண்ட ஆறு சிறுபொழுதாகப் பகுத்தனர். காலை 6 மணி முதல் 10 வரை காலை. 10 முதல் 2 வரை நண்பகல். 2 முதல் 6 வரை எற்பாடு. 6 முதல் 10 வரை மாலை. 10 முதல் 2 வரை யாமம். 2 முதல் 6 வரை வைகறை. இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் என் தந்தையின் மூன்று ஷிப்டும் பிழையின்றி அமைதலைக் காணலாம். இலக்கண வகுப்பிற் கற்றதும், வீட்டிற் கேட்டதும் ஒன்றாய்ப் பொருந்தியது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

முன்னோர் மூவர்

நெறி இதுவாயினும் அதனைப் பெரியோர் வாழ்வில் வைத்துக் காண்டல் நன்று.

முதலாவது, கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவர் 1904-இல் கும்பகோணம் அரசினர் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதத்திலேயே முழுதும் ஆழ்ந்து மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் அச்சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக அமர்ந்தார். மறு ஆண்டு ஹார்டிக்கு எழுதிய கடிதமே அவரை உலகிற்குக் காட்டியது. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பரீட்சையில் தவறிய மாணாக்கர் இவர் பெயரைச் சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்வர். நானும் அங்ஙனம் தேற்றிக்கொண்டவனே. ஆயின் அவர் மற்றவற்றைக் கைவிட்டது ஒன்றன்பொருட்டு. நாம் கைவிடுவது பலவற்றின்பொருட்டு. அன்றியும், கைவிட்டதன் விலையாக அவர் பட்ட வறுமை ஆண்டுகளை நாம் மறத்தல் ஆகாது.

இரண்டாமவர், பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். 1870-இல் மதுரையை அடுத்த விளாச்சேரியிற் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் பயின்று, அங்கேயே தமிழாசிரியராகவும் விளங்கினார். ரூபாவதி, கலாவதி முதலிய நாடகங்களை இயற்றினார். நாடகவியல் என்னும் இலக்கண நூலும், தமிழ்மொழியின் வரலாறும் வரைந்தார். ஞானபோதினி என்னும் இதழிலும் பணி செய்தார். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்பதை நிறுவினார். இத்தனையும் செய்து 1903-இல், 33-ஆம் அகவையில் மறைந்தார். நடுவணரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது அதற்கு நூறாண்டு கழித்து, 2004-இல் ஆகும். அவர் செயல்கள் பலவாயினும் அவற்றின் வேர் ஒன்று என்பது இங்குக் கருதத் தக்கது. நாடகம் எழுதியதனால் நாடக இலக்கணம் பிறந்தது. பாடம் சொல்லியதனால் மொழி வரலாறு பிறந்தது. ஒரு செயல் மற்றொன்றிற்கு உணவாயிற்று. ஒன்றன் பொழுதை மற்றொன்று திருடவில்லை.

மூன்றாமவர், என் நாட்டினர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இற் பிறந்த இராஜாஜி, ஓசூர்ப் பள்ளியிலும், பெங்களூர் மத்தியக் கலாசாலையிலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கலாசாலையிற் சட்டமும் பயின்றார். 1900-இல் சேலத்தில் வழக்கறிஞரானார். 1917-இல் அந்நகரசபைத் தலைவரானார். கல்வி, தொழில், பொதுப்பணி என்னும் மூன்றும் அவர் வாழ்வில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஊன்றின. பிற்காலத்தில் அரசியலின் நடுவிலும் பாரதக் கதையை 1940-களில் கல்கி இதழில் வாரந்தோறும் எழுதி வந்தார். அதுவே வியாசர் விருந்து என்னும் நூலாயிற்று. பெருநூலும் வாரத்திற்கு ஒரு பகுதியாக முடியும் என்பதற்கு இது சான்று.

வாரக் கணக்கு

இனி, நான் மேற்கொண்ட முறையைக் கூறுகின்றேன். வாரத்திற்கு 168 மணி. உறக்கம் நாளொன்றுக்கு எட்டாக 56. வகுப்பு 30. நீராடல், உணவு, துணி துவைத்தல் முதலிய அன்றாடக் கடமைகள் 21. தனிப் படிப்பு நாளொன்றுக்கு நான்காக 28. சங்கமும் ஆட்டமும் 12. நண்பர், குடும்பம், வழிபாடு 14. இவை 161 ஆகும். எஞ்சிய ஏழு மணி நேரத்தை எதற்கும் ஒதுக்காமல் விட்டேன்.

இதில் மூன்று குறிப்புகள் உள. ஒன்று: உறக்கத்தில் கை வைத்தல் ஆகாது. பகலிற் கற்றதை மூளை உறக்கத்திலேயே நிலைப்படுத்திக்கொள்கின்றது என்பது இக்கால அறிவியல் கண்ட உண்மை. யாமத்தையும் வைகறையையும் விற்று வாங்கும் படிப்பு ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீரே.

இரண்டு: 28 மணியை ஒரே மூச்சிற் செலவிடலாகாது. 1885-இல் ஜெர்மானிய அறிஞர் எபிங்கௌஸ் மறதியைப் பற்றித் தம்மீதே சோதனை செய்து நூல் வெளியிட்டார். கற்றது முதற் சில மணி நேரத்திலேயே விரைந்து மறக்கும் என்பதையும், இடைவிட்டு மீளப் படித்தல் ஒரே அமர்விற் படித்தலினும் நிலைக்கும் என்பதையும் அவர் காட்டினார். ஆகவே காலையில் இரண்டு மணி கடினமான பாடத்திற்கு; மாலையில் இரண்டு மணி, ஒன்று அன்றைய பாடத்தை மீளப் பார்ப்பதற்கு, மற்றொன்று முன்வாரத்துப் பாடத்திற்கு. யாப்பிலக்கணத்தை இங்ஙனமே கற்றேன். நாள்தோறும் ஒரு செய்யுளை அலகிட்டேன். இரண்டு திங்களில் தளை பார்ப்பது எளிதாயிற்று.

மூன்று: 12 மணி என்பது மூன்று சிறுபொழுதே. அதில் ஒரு முதன்மைச் சங்கத்திற்கும் ஓர் ஆட்டத்திற்கும்தான் இடமுண்டு. நான் விவாத சங்கத்தை வைத்துக்கொண்டேன். மேடையிற் பேசக் கற்ற பாடம் வேண்டியிருந்தது. கால்பந்தை உடல்நலத்திற்காக வைத்துக்கொண்டேன். பாடகர் குழுவையும் நாடக சபையையும் விட்டேன். பாடலை விடுவது வருத்தவில்லை. நாடகத்தை விடுவது வருத்தியது. இவ்வாண்டு நாடகம் நடந்தபோது அவையில் அமர்ந்து, நான் நடித்திருக்க வேண்டிய வேடத்தைப் பிறர் நடிக்கக் கண்டேன். இழப்பின்றிச் சமன் கிடைக்கும் என்று எவரேனும் சொன்னால் அதனை நம்பற்க. விடும்போதும் ஒத்திகையின் நடுவே விட்டோடாமல், என் பணியைப் பிறிதொருவருக்குக் கற்பித்து ஒப்படைத்த பின்னரே விலகினேன். தந்தை சொல் அங்கு எனக்கு உதவியது.

நட்பிற்குரிய இடம்

படிப்பில் ஊக்கமுடையார் சிலர் நட்பையே வீண் என்று ஒதுக்குவர். அதுவும் பிழையே. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தபோது, சேலையூர், புனித தோமா, பிஷப் ஹீபர் என்னும் மூன்று விடுதிகள் கலாசாலையின் உறுப்பாகவே அமைந்தன. உடன் உறைதலும் கல்வியின் பகுதி என்பது அவ்வமைப்பால் விளங்கும். எல்லைப்புறத்திலிருந்து வந்த என் தமிழில் தெலுங்கும் கன்னடமும் கலந்திருந்ததைத் திருத்தியவர் ஆசிரியரைக் காட்டிலும் என் அறைத் தோழரே.

தொல்காப்பியர் திணைமயக்கத்திற்கும் இடம் தந்தார். ஒரு திணைக்குரியது மற்றொரு திணையில் வந்து மயங்குதலை அவர் விலக்கவில்லை. வாழ்விலும் அங்ஙனமே. இரண்டாம் பருவத்துப் பரீட்சைக்கு மூன்று நாள் முன்னர் என் அறைத் தோழருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரவு முழுதும் உடனிருந்தேன். அன்று என் கணக்கில் ஒதுக்காமல் விட்டிருந்த ஏழு மணி நேரமும் செலவாயிற்று. முந்திய பருவமாயின், ஒன்று அவரைக் கைவிட்டிருப்பேன், அல்லது பரீட்சையைக் கைவிட்டிருப்பேன். ஒதுக்காத பொழுது ஒன்று இருந்தமையால் இரண்டும் தப்பின. நாள் முழுதையும் நிரப்பி வைப்பவன் பிறருக்கு உதவ இயலாதவனாகின்றான்.

பருவத்தின் முடிவில் எல்லாத் தாளிலும் தேறினேன். யாப்பிலக்கணத்தில் 58 மதிப்பெண். அது பெரிய வெற்றியன்று. வகுப்பில் என்னினும் மிக்கார் பலர் உளர். எனினும் கட்டணச் சலுகை நிலைத்தது. செய்தியைத் தொலைபேசியிற் சொன்னபோது தந்தை, "சரி கண்ணு, இனி நான் ஒரே ஷிப்டு பார்க்கிறேன், நீயும் ஒரே ஷிப்டு பார்" என்று மட்டும் கூறினார்.

உடன் பயிலும் தோழர்களே, தோழியரே, நம்மில் பலரை இங்கு அனுப்புதற்கு எங்கோ ஒருவர் இரட்டை ஷிப்டு பார்க்கின்றார். சிலர் ஆலையில், சிலர் வயலில், சிலர் அடுக்களையில். நம் கையில் உள்ள 168 மணியில் அவர்தம் பொழுதும் கலந்துளது. ஆதலின் ஏற்கும் பணியை அளந்து ஏற்போம். ஏற்றதை அதற்குரிய நிலத்திலும் பொழுதிலும் செய்வோம். செய்து முடித்ததைத் துடைத்து ஒப்படைப்போம். அங்ஙனம் செய்யின் கல்வியும் கலையும் நட்பும் ஒன்றையொன்று நலியாது ஓங்கும் என்பது ஒருதலை.